திண்டுக்கல் சீமை – 17: வெருளி

சோளம் பால் பிடிக்கும் பருவத்தில் வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்துக் காடுகளில் இரண்டு குச்சிகளைக் குறுக்கே கட்டி, வைக்கோல் சுற்றி, பழைய சட்டையை மாட்டி, தலைக்குக் கரிச்சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் எழுதி நிறுத்தி வைப்பார்கள். நம் பக்கத்தில் அது சோளக்கொல்லைப் பொம்மை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இதே பொம்மையை வெருளி என்கிறார்கள். மனநலம் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களில் பலர் அந்தச் சொல்லைத்தான் எடுத்து, ஆங்கிலத்தில் போபியா என்று சொல்லும் நோய்க்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். உயரத்தைக் கண்டால் வரும் வெருளி, கூட்டத்தைக் கண்டால் வரும் வெருளி, மூடிய அறைக்குள் வரும் வெருளி.

இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. பொம்மையால் ஒரு குருவியைக்கூடப் பிடிக்க முடியாது. ஆனால் குருவியின் நெஞ்சு அடித்துக்கொள்வது நிஜம். பயம் மெய், பயத்தின் காரணம் பொய் என்ற நிலை ஒன்று உண்டு. அச்சம் என்ற சொல்லில் இந்த வேறுபாடு தெரியாது. புலியைக் கண்டு நடுங்கினாலும் அச்சம்தான், கரப்பான்பூச்சியைக் கண்டு நடுங்கினாலும் அச்சம்தான். வெருளி என்று சொன்னவுடன் வயலில் நிற்கும் வெற்றுச்சட்டை கண்முன் வந்துவிடுகிறது.

இந்தத் தொடரில் இதுவரை கோட்டையைப் பற்றியும் பாளையங்களைப் பற்றியும் எழுதினேன். எந்தப் படை எந்த ஆண்டில் வந்தது, யார் பிடித்தார்கள், யார் விட்டார்கள் என்ற கணக்கெல்லாம் வந்துவிட்டது. படை போன பிறகு ஊரில் தங்கிய பயம் மட்டும் வரவில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது ஆவணத்தைவிட அதிகமாகப் பேச்சில் இருக்கிறது, வசவில் இருக்கிறது, கோயில் வாசலில் இருக்கிறது. எனவே இந்த இதழில் ஆண்டு வரிசையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

வெரு என்பது வேர். வெருவு, வெருள், வெருட்டு, வெருட்சி எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. பக்கத்துத் தெலுங்கில் பயத்துக்கு வெரப்பு என்று ஒரு சொல் உண்டு. தெலுங்கு பேசும் குடிகள் நிறைந்த நம் சீமைக்கு அந்தச் சாயல் புதியதல்ல. வெகுள் என்ற வினையிலிருந்து வெகுளி என்று கோபத்துக்குப் பெயர் வந்தது போல, வெருள் என்ற வினையிலிருந்து பயத்துக்கு வெருளி என்று பெயர் வந்தது. மண்வெட்டி, பூச்சிக்கொல்லி என்று கருவிகளுக்குப் பெயர் வைக்கிறோமே, அந்த வழியில் பயமுறுத்தும் பொருளுக்கும் அதுவே பெயரானது. ஆக, ஒரே சொல்லுக்குள் பயமும் இருக்கிறது, பயம் காட்ட நிறுத்திய பொம்மையும் இருக்கிறது. இந்த இரட்டைப் பொருளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பொம்மை என்று ஒன்று இருந்தால் அதைக் கட்டி நிறுத்திய கையும் ஒன்று இருக்கும்.

வள்ளுவருக்கு அந்தக் கை எது என்று தெரிந்திருந்தது. கொடுங்கோன்மைக்கு அடுத்து அவர் வைத்த 57ஆம் அதிகாரத்தின் பெயர் வெருவந்த செய்யாமை. குடிகள் வெருவும்படியான காரியங்களை அரசன் செய்யக்கூடாது என்று சொல்ல ஒரு முழு அதிகாரம். தொல்காப்பியர் இன்னும் முன்னாலேயே, மெய்ப்பாட்டியலில், அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்துவிட்டார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கண்ணுக்குத் தெரியாத தெய்வம், காட்டு விலங்கு, வழிப்பறிக்காரர், நம்மை ஆளுகிறவர். நான்காவதைச் சேர்த்திருப்பதுதான் அவருடைய துணிச்சல். திருடனுக்குப் பக்கத்திலேயே அரசனை உட்கார வைத்திருக்கிறார்.

சொற்களைப் பார்த்தாலும் தமிழுக்குப் பயத்தில் பஞ்சமே இல்லை. பே, நாம், உரும் என்ற மூன்றும் அச்சப்பொருள் தரும் என்று தொல்காப்பியத்தின் உரியியல் சொல்கிறது. பேய் என்ற சொல்லையும் அந்தப் பே என்ற சொல்லையும் இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. வடமொழியிலிருந்து பயமும் பீதியும் வந்தன. பீதி இன்று பத்திரிகைச் சொல்லாகிவிட்டது. சிறுத்தை நடமாட்டம் என்றாலே அடுத்த சொல் பொதுமக்கள் பீதி. கிலி தெலுங்கிலும் கன்னடத்திலும் உலவும் சொல். ஆனால் திண்டுக்கல் சந்தையில் காய்கறி மூட்டை இறக்கும் ஆளிடம் கேட்டால் இந்தச் சொற்கள் எதையும் சொல்ல மாட்டார். "ஈரக்கொல நடுங்கிப் போச்சுங்க" என்பார். வயித்துல புளியைக் கரைச்சுது, அரண்டு போயிட்டேன், உதறல் எடுத்திருச்சு என்பார். நம் மக்களின் பயம் மனசில் இல்லை, வயிற்றிலும் ஈரலிலும் காலிலும் இருக்கிறது.

கிரேக்கத்திலும் இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. போபியா என்ற சொல்லுக்கு மூலமான போபாஸ், ஹோமரின் காவியங்களில் பயத்தைக் குறிக்கவில்லை. போர்க்களத்தில் முதுகு காட்டி ஓடுவதைக் குறித்தது. ஓட்டத்துக்குக் காரணமான உணர்ச்சிக்கு அந்தப் பெயர் பிற்பாடு வந்தது. போர்த்தெய்வம் ஏரிஸின் மகனுக்கும் அதே பெயர். 1877இல் ஆசஃப் ஹால் செவ்வாய்க்கு இரண்டு நிலவுகளைக் கண்டுபிடித்தபோது ஒன்றுக்கு அந்த மகனின் பெயர் வாய்த்தது. நம்முடைய வெருள் என்ற சொல்லும் முதலில் உடம்பின் அசைவைத்தான் காட்டுகிறது. மாடு வெருண்டது என்றால் மாடு மனசுக்குள் வருந்தியது என்று யாரும் நினைப்பதில்லை, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்றுதான் புரிந்துகொள்வார்கள். புகையிலைப்பட்டி வாடிவாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மருத்துவத்துக்குள் இந்தச் சொல் நுழைந்தது வெறிநாய்க்கடி வழியாக. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதிய செல்சஸ் அந்த நோய்க்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரைக் குறிக்கிறார்: ஹைட்ரோபோபியா, தண்ணீர்ப் பயம். உண்மையில் நோயாளிக்குத் தாகம் இருக்கும், குடிக்க ஆசையும் இருக்கும். தண்ணீர் வாயருகே வந்தாலே தொண்டைத் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது பயமாகத் தெரிந்தது. இந்த நோய்க்குத் தென்னிந்தியாவில் தடுப்பு மருந்து செய்ய 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தது அதற்குத் தூண்டுதல். காரணமில்லாத பயத்துக்கு இந்தப் பெயர் ஒட்டியது மிகவும் பிந்தி. 1871இல் பெர்லினில் கார்ல் வெஸ்ட்ஃபால் என்ற மருத்துவர், திறந்த சதுக்கத்தைக் கடக்க முடியாமல் நடுங்கிய சிலரைப் பார்த்து அந்த நிலைக்கு அகோரபோபியா என்று பெயரிட்டார். சதுக்கத்தில் ஒரு ஆபத்தும் இல்லை என்று அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் கால் நகரவில்லை.

தெரிந்தும் கால் நகராத அந்த நிலைக்கு ஒரு சீமையே ஆளாக முடியும். இனி நம் ஊருக்கு வருவோம்.

திண்டுக்கல்லின் இருப்பே அப்படி. கிழக்கே சிறுமலை, மேற்கே பழனிமலைத் தொடர், நடுவில் ஒரு வாசல் போன்ற சமவெளி. மைசூரிலிருந்து சத்தியமங்கலம் வழியாக இறங்கும் படை மதுரைக்குப் போக இந்த வாசலைக் கடந்தாக வேண்டும். திரும்பி ஓடினாலும் இதே வழி. 1656 வாக்கில் மைசூர் அரசர் கந்தீரவ நரசராஜரின் படை அப்படி இறங்கியது. திருமலை நாயக்கர் அப்போது முதுமையிலும் நோயிலும் இருந்தார். வந்த படைக்கு இடப்பட்ட உத்தரவு விசித்திரமானது. எதிர்ப்பட்டவர்களைக் கொல்ல வேண்டாம், மூக்கை அறுத்துவிட வேண்டும். ஆண், பெண், குழந்தை என்ற பேதம் இல்லை. அறுத்த மூக்குகள் மேலுதட்டோடு சாக்குகளில் மைசூருக்குப் போயின என்று சொல்வார்கள். மதுரை வரலாற்றில் இதற்கு மூக்கறு போர் என்றே பெயர்.

எதற்காக இப்படி ஒரு உத்தரவு? நான் இதைப் பல முறை யோசித்திருக்கிறேன். கொல்லப்பட்டவனை இரண்டாம் நாள் புதைத்துவிடுவார்கள், அவனைப் பற்றிய பேச்சும் அடங்கிவிடும். மூக்கை இழந்தவன் சந்தைக்கு வருவான், கிணற்றடிக்கு வருவான், திருவிழாவில் நிற்பான். அவன் உயிரோடு இருக்கும் வரை அவன் முகமே மைசூர் அரசின் அறிவிப்பு. உயிருள்ள மனிதர்களையே வயலில் நிறுத்தும் பொம்மைகளாக மாற்றிய செயல் அது. வெருவந்த செய்யாமை என்று வள்ளுவர் தலைப்பிட்டது இப்படிப்பட்ட புத்தியை மனதில் வைத்துத்தான் இருக்க வேண்டும். மூக்கறுபட்டான் என்று நாம் இன்று அவமானப்பட்டவனைப் பற்றி லேசாகச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தலைமுறையில் இந்தச் சமவெளியில் அந்தச் சொல்லை லேசாகச் சொல்லியிருக்க முடியாது.

ராமநாதபுரத்து ரகுநாத சேதுபதி படையோடு வந்து மதுரையைக் காத்தார். அரசி அனுப்பிய சொல்லை ஏற்று வந்ததால் ராணி சொல் காத்தான் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது என்பது மரபு. கன்னிவாடிப் பாளையக்காரர் தலைமையில் திண்டுக்கல் பாளையங்களும் திரண்டன. மைசூர்ப் படை பின்வாங்கியது. கதை அங்கே நல்லபடியாக முடிந்திருக்கலாம். மதுரைப் படை மைசூர் எல்லைக்குள் துரத்திக்கொண்டு போய் அங்குள்ள சனங்களின் மூக்குகளை அறுத்தது. எந்தக் குடியானவன் என்ன பாவம் செய்தான்? இதை வீரம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது வீரமாகத் தெரியவில்லை. பட்ட பயத்தை இன்னொரு ஊரின் முகத்தில் எழுதிவிட்டு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தப் போரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சமகாலச் சாட்சி ஒரு போர்த்துகீசியப் பாதிரியார். அந்தாம் த ப்ரொவென்சா, மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைத் துறவி. 1659இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து தம் சபைத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் மூக்கறுப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். சத்தியநாத ஐயர் 1924இல் வெளியிட்ட மதுரை நாயக்கர் வரலாற்று நூலின் பின்னிணைப்பில் மிஷன் கடிதங்களின் மொழிபெயர்ப்புகளைப் படிக்கலாம். இதே ப்ரொவென்சா செய்த இன்னொரு வேலைதான் என்னை இந்த இதழை எழுத வைத்தது. தமிழ்ச் சொற்களுக்குப் போர்த்துகீசியத்தில் பொருள் எழுதி ஒரு அகராதி தொகுத்தார். 16,000 சொற்களுக்கு மேல். 1666இல் அவர் இறந்த பிறகு, 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அது அச்சேறியது. அச்சில் வந்த முதல் தமிழ் அகராதி அது. பிறகு மறைந்தே போனது. வத்திக்கான் நூலகத்தில் கிடந்த பிரதியைத் தனிநாயகம் அடிகள் கண்டெடுத்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். ஒரு சமவெளியே வெருண்டு கிடந்த ஆண்டுகளில், அந்தச் சனங்களின் வாயிலிருந்து சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார் ஒரு மனிதர். தமிழ் அகராதி வரலாற்றின் முதல் அச்சுப்பக்கம் அந்தக் காலத்திலிருந்து வருகிறது.

அடுத்த நூற்றாண்டும் ஓய்வு கொடுக்கவில்லை. 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, வந்தார். பிரெஞ்சுக்காரர்கள் உதவியோடு இங்கே பீரங்கி, தோட்டா செய்யும் சாலை அமைத்தார். பிறகு கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. 1767இல் கிழக்கிந்தியக் கும்பினியிடம், அடுத்த ஆண்டே மறுபடி ஹைதரிடம், 1783இல் கும்பினியிடம், 1784இல் மங்களூர் உடன்படிக்கையால் திப்புவிடம், 1790இல் மீண்டும் கும்பினியிடம். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையோடுதான் அது நின்றது. ஒரு ஆள் தன் ஆயுளில் எத்தனை படைகளைக் கண்டு வீட்டைப் பூட்டியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் எந்தக் கொடி என்று பார்க்காமலே காட்டுக்குள் ஓடக் கற்றுக்கொண்ட சனங்கள் அவர்கள். அந்த ஓட்டத்தைக் காரணமற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெருளி என்று நாம் பெயரிடும் பல பயங்கள் ஒரு காலத்தில் முழுக்க நியாயமாக இருந்தவை. காரணம் போன பிறகும் உடம்பு விடவில்லை.

படையைவிட நோய்தான் அதிகப் பேரைக் கொண்டுபோனது. நோய்ப் பயத்துக்கு ஊரில் இடம் உண்டு. மலைக்கோட்டையடியில் கோட்டை மாரியம்மன். கோட்டையில் இருந்த வீரர்கள் கும்பிட்ட தெய்வம் என்பது ஊர் வழக்கு. மாசித் திருவிழாவில் பூக்குழி இறங்குகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் யாராவது ஒருவரின் உடம்புக்காக நேர்ந்துகொண்டவர்கள்தான். முத்தழகுபட்டியில் புனித செபஸ்தியார். கத்தோலிக்க உலகம் முழுவதும் கொள்ளைநோய்க்குக் காவலாக வேண்டப்படுகிறவர் அவர். ஆகஸ்டு மாதத் திருவிழாவில் நேர்த்தியாக வந்த ஆடுகளையும் கோழிகளையும் சமைத்துச் சாதி மதம் பாராமல் எல்லாருக்கும் சோறு போடுகிறார்கள். பயத்தோடு தனியாக வீட்டுக்குள் கிடப்பதைவிட அதை எடுத்துக்கொண்டு நாலு பேரோடு ஒரு இடத்துக்குப் போவது மேல் என்று இந்த ஊர் கண்டுகொண்டிருக்கிறது. மதங்கள் வேறாக இருந்தாலும் இந்த அறிவு ஒன்றாக இருக்கிறது. மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் இதை மூடிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பெரியம்மையைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "அம்மா வந்திருக்கா", "முத்து போட்டிருக்கு" என்பார்கள். வீட்டில் தாளிப்பு கிடையாது, வாசலில் வேப்பிலை செருகியிருக்கும், வெளியாள் உள்ளே வரமாட்டார். பயத்தில் பிறந்த வழக்கங்கள்தான் இவை. ஆனால் நோயாளியைத் தனிமைப்படுத்தி ஓய்வு கொடுக்கிற வேலையை அவை செய்தன. இந்தியாவில் பெரியம்மை 1975இல் ஒழிந்தது, 1980இல் உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவித்தார்கள். நோய் போய்விட்டது. வேப்பிலை சின்னம்மைக்கு வந்து நிற்கிறது.

காலராவுக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை. 1817இல் வங்காளத்தில் கிளம்பி அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்துக்குள் இறங்கிய நோய் அது. காலையில் நன்றாக இருந்தவர் இருட்டுவதற்குள் போய்விடுவார். அந்தத் திகைப்பு நம் வசவுகளில் அப்படியே இருக்கிறது. "பேதியில போவான்", "கொள்ளையில போறவனே" என்று பொடிப்பயலைத் திட்டுகிற பாட்டி காலராவைக் கண்ணால் பார்த்ததில்லை. அவளுடைய பாட்டியோ அந்தப் பாட்டிக்குப் பாட்டியோ பார்த்திருக்கிறாள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கே மருந்தகம் நடத்திய அமெரிக்க மிஷன் மருத்துவர் எட்வர்ட் செஸ்டரின் காலத்திலும் அது வந்துபோய்க்கொண்டுதான் இருந்தது.

அதற்கும் முன்னால், 1809 முதல் 1811 வரை, கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளை ஒரு காய்ச்சல் புரட்டிப்போட்டது. கும்பினி அரசு ஐன்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி என்ற மூன்று மருத்துவர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. அவர்களின் அறிக்கை 1816இல் லண்டனில் அச்சானது. ஐன்ஸ்லி சாதாரண ஆள் அல்ல. நம் நாட்டு மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயரோடு தொகுத்து 1813இல் சென்னையில் நூல் வெளியிட்டவர். அவ்வளவு படித்த குழுவும் காய்ச்சலுக்குக் காரணமாகக் கண்டது கெட்ட காற்று. ஈரமும் இலைக்குப்பையும் அழுகிக் கிளம்பும் ஆவி மனிதனைத் தாக்குகிறது என்பது அக்காலத்து ஐரோப்பிய மருத்துவம். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள்.

சிறுமலையடிவாரத்து ஊர்களில் இன்றைக்கும் பெரியவர்கள் பிள்ளைகளைக் கண்டிப்பார்கள்: அந்திக்கு மேல் ஓடைப் பக்கம் போகாதே, காத்து கருப்பு அடித்துவிடும். லண்டனில் அச்சடித்த அறிக்கைக்கும் ஓடைக்கரைப் பாட்டிக்கும் காற்றின் மேல்தான் சந்தேகம். ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் கிருமியைக் கண்டபோது இரண்டு தரப்பின் விளக்கமும் ஒரே நாளில் விழுந்தது. ஆனால் எச்சரிக்கை விழவில்லை. ஈரமான ஓடைக்கரைக்கு அந்திவேளையில் போகாதிருப்பது கொசுக்கடியிலிருந்து தப்பிக்க நல்ல வழி. காரணம் தவறாக இருந்தும் காப்பாற்றிய பயம் அது. சிறுமலை காய்ச்சல் மலை என்று பேர் வாங்கிய இடம். அந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

இந்தச் சீமையின் சொந்தச் சொல் ஒன்று உண்டு. பயந்தகோளாறு. மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் குழந்தை வளர்த்த யாருக்கும் இது தெரியும். குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டு எழுகிறது, வீறிட்டு அழுகிறது, பாலைக் கக்குகிறது, பச்சையாகப் போகிறது. "பயந்தகோளாறு போல, மந்திரிச்சுட்டு வா" என்பார்கள். திருநீறு போடுகிறவரிடம் போகிற தாய் உண்டு. மாலைத் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் ஓதி ஊதச் சொல்லிப் பள்ளிவாசல் படியருகே நிற்கிற தாய் உண்டு. அவள் எந்த மதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பயத்தைக் குற்றமாகப் பார்க்காமல் கோளாறாக, சரிசெய்யக்கூடிய ஒன்றாகப் பார்க்கும் சொல் அது. வெஸ்ட்ஃபால் பெர்லினில் எட்டிய இடத்துக்கு நம் பாட்டிமார் தங்கள் வழியில் வந்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கக்கலும் கழிச்சலும் உள்ள குழந்தைக்கு உடம்பில் நீர் வற்றுவது சில மணி நேரத்திலேயே நடக்கலாம். மந்திரிக்கப் போவதற்கு முன் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெரியவர்களின் வெருளிக்கு இன்றைய சிகிச்சை என்ன? 1958இல் ஜோசப் வோல்ப்பே எழுதிய நூலுக்குப் பிறகு பரவலான முறை ஒன்று இருக்கிறது. பயப்படும் பொருளுக்கு நோயாளியைப் படிப்படியாகப் பக்கத்தில் கொண்டுபோவது. முதலில் நினைத்துப் பார்ப்பது, பிறகு படத்தில் பார்ப்பது, பிறகு தூரத்தில், பிறகு கிட்டத்தில். ஒவ்வொரு படியிலும் உடம்பு தளரும்வரை நிற்பது. சோளக்கொல்லைக்காரருக்கு இந்தத் தத்துவம் நன்றாகத் தெரியும். பொம்மையை இடம் மாற்றாமல் விட்டால் சில நாட்களில் குருவி அதன் கரிச்சட்டித் தலையிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அவர் இடம் மாற்றுகிறார், சட்டையை மாற்றுகிறார், தகர டப்பாவைக் கட்டி ஆட விடுகிறார். சங்ககாலத்துத் தினைப்புனத்தில் தழல், தட்டை, குளிர் என்று விதவிதமாகக் கிளிகடி கருவிகள் இருந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும். ஒரே சத்தத்துக்குப் பறவை நெடுநாள் பயப்படாது.

மனிதக் கூட்டத்துக்கும் இப்படிப் பொம்மையை மாற்றி மாற்றி நிறுத்துகிறவர்கள் உண்டு. 2018இல் பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. தமிழ்நாடு முழுவதும் அந்தச் செய்தி கையிலிருந்து கைக்குப் போனது. அந்த ஆண்டு மே 9ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பகுதியில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழி கேட்க இறங்கியது. வயதான அம்மாள் ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் சூழ்ந்துகொண்டது. அந்த அம்மாளை அடித்தே கொன்றுவிட்டார்கள். அடித்தவர்கள் யாரும் பிள்ளையைத் தொலைத்தவர்கள் அல்ல. தொல்காப்பியர் சொன்ன கள்வர் அங்கே இல்லை, கள்வர் என்ற பேச்சு மட்டும் இருந்தது. வெருண்ட மாடு ஓடும், குருவி பறக்கும். வெருண்ட கூட்டம் ஓடுவதில்லை, கையில் கிடைத்தவரை அடிக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. அந்தச் செய்தியை முதலில் யார் தட்டி அனுப்பினாரோ அவருக்கு அந்த அம்மாளின் முகம் தெரிந்திருக்காது. அனுப்பியவரோடு அதைப் படித்துவிட்டு உறுதி செய்யாமல் அடுத்தவருக்குத் தள்ளிய ஒவ்வொருவருக்கும் அந்தச் சாவில் பங்கு உண்டு.

தொல்காப்பியரின் நான்காவதை, தம் இறையை, இந்த இதழில் மைசூரோடு நிறுத்திவிட்டேன். கும்பினி ஆட்சியும் இந்த வழியை விட்டுவைக்கவில்லை. விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரைப் பிடித்து 1801 செப்டம்பர் 5ஆம் தேதி திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். வேலு நாச்சியாருக்கு எட்டு ஆண்டுகள் அடைக்கலம் கொடுத்த பாளையம் அது. அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு தென்சீமைப் பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்க ஆணையிட்டது. சனங்கள் இனி தலைதூக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும். தூக்கிலிட்ட இடத்துக் குளத்தை ஊர் கோபாலசமுத்திரம் என்று அழைக்கத் தொடங்கியது. அந்தப் பெயரின் கதையையும், தூக்குக்கு முந்தைய மாதங்களில் விருப்பாச்சியில் கூடியவர்களின் கதையையும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.

(தொடரும்)